ஏடு கலைத்த கை

மரக்காணம்,
ஆவணி, 2006

எழிலுக்கு,

உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாண்டிச்சேரிக் கடற்கரையில் கல் மேல் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு மட்டும் தெரியவே கூடாதும்மா" என்று நீ கேட்டாய். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டியது என் தலைதான், இல்லை என்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் வாயைக் கட்டிக்கொண்டும் பார்த்தேன், முடியவில்லை. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், நேரில் வந்தால் நான் அழுது தொலைப்பேன், அதனால்தான் எழுதுகிறேன். கோபப்படு, பரவாயில்லை. கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படு. அங்கன்வாடியில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு சத்துமாவு மூட்டை மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

முதலிலிருந்து வருகிறேன். உனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், உனக்குத் தெரிந்தது உன் பக்கம் மட்டும்தான். சென்னைக்கு ஆராய்ச்சி படிக்கப் போனவள், சுனாமிக்கு மறுவருஷக் கோடையில், கையில் வெள்ளை கேனோடு வாசலில் வந்து நின்றாய். அப்பா வேலை செய்கிற உப்பளத்தில், உப்பு இறங்கப் போகும் பாத்தியில் தண்ணீர் சிவந்து கிடக்குமே, அந்தத் தண்ணீர் வேண்டும் என்றாய். "இன்னா பாப்பா, உப்புத் தண்ணிய பஸ்ல ஏத்தினு போற? மெட்ராஸ்ல கடலே இல்லியா?" என்று அப்பா சிரித்தார். அந்தச் சிவப்பு வெறும் நிறமில்லை, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடி கோடியாக அதில் வாழ்வதால் வருகிறது என்று நீ சொன்னாய். நான் நம்பவில்லை. மீனில் உப்பைப் போட்டு வைக்கிறோம், மாங்காயில் போட்டு வைக்கிறோம், கெடுக்கிற எதுவும் அதில் பிழைக்காது என்பதால்தானே. அந்த உப்பிலேயே குடித்தனம் நடத்துகிற ஒன்று இருக்கிறது என்றால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. அப்பாவோ மறுபேச்சில்லாமல் நம்பினார். நீ சொன்னால் அவர் எதையும் நம்புவார், அதுதான் இந்தக் கதையில் பாதிச் சிக்கல்.

அந்த வாரமே மூன்று பேரும் எக்கியார்குப்பத்துக்கு மீன் வாங்கப் போனோம். படகில் ஒருவர் வலையை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நீ மீனை மறந்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாய். "பாருப்பா, இவ்ளோ பெரிய வலைய எப்படி மடிக்கறாரு. அமுக்கி அடைச்சாலும் சின்னதாத்தான் ஆவும், ஆனா நாளைக்குக் கடல்ல விடறப்ப சிக்கிக்கும். ஒவ்வொரு உயிருக்குள்ளயும் டிஎன்ஏன்னு ஒரு நூலு இருக்குது. அந்த உயிர விடப் பல மடங்கு நீளம். அத மடிச்சி வைக்கறதுக்குன்னே சில புரதம் இருக்குது. வேணும்ங்கறப்ப வேண்டிய எடத்துல மட்டும் பிரிச்சி விடணும். மத்த புரதமெல்லாம் இவ்ளோ உப்புல கட்டி தட்டிப் போயிடும், நம்ம செவப்புத் தண்ணி உயிரோட புரதம் மட்டும் ஜம்முனு வேல செய்யுது. அது நூல எப்படிப் புடிக்குது, அதோட உருவம் இன்னா, அதக் கண்டுபுடிக்கறதுதான் என் வேல" என்றாய். எனக்கே புரிந்தது. அப்பா, "புடிச்சிப் பாத்துட வேண்டிதுதானே?" என்றார். "கண்ணுக்குத் தெரியாதுப்பா. உப்பு மாதிரி அதக் கல்லா விளைய வச்சி, அதுல எக்ஸ்ரே விட்டாத்தான் உருவம் தெரியும்" என்றாய். அந்த 'உப்பு மாதிரி' என்ற சொல்தான் அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதுவரை நீ என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் மென்று முழுங்குவார். அன்றிலிருந்து, "எம்பொண்ணும் விளைய வக்கிற வேலதாம்பா" என்று சொல்ல ஆரம்பித்தார்.

அதன் பிறகு நீங்கள் இரண்டு பேரும் போனில் பேசியதைப் பக்கத்தில் இருந்து கேட்டவள் நான். "விளைஞ்சிதா?" என்பார். "இல்லப்பா, சேறு மாதிரி ஆயிடுது" என்பாய். "எனக்கும் அதே கததான்" என்பார். சுனாமித் தண்ணீர் ஏறி இறங்கிய பிறகு வந்த பருவம் அது, பாத்தியெல்லாம் சேறு படிந்து, வாரினால் உப்பு கறுப்பாக வந்தது. ஒரே அளத்தில் கூலிக்குப் போகிற இரண்டு பேர் சாயங்காலம் பேசிக்கொள்வது போல இருக்கும். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட. என்னிடம் பேசும்போது சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடும். மற்றவர்கள் வீட்டில் தகப்பனும் மகளும் இப்படிப் பேசிக்கொள்வதை நான் பார்த்ததில்லை, எழில். அதனால்தான் அதற்கு ஒரு கெடுதல் வந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

இந்த வருஷப் பொங்கலுக்கு நீ ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கைக் குழந்தையை வைப்பது போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் சுவரை இடித்துத் துளை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதிர்வில் எதுவும் விளையாது, மழைக்காலம் முழுக்க உழைத்துப் பிரித்தெடுத்த புரதம் காத்திருக்காது, ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற மேடத்திடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன் என்றாய். நம் வீட்டு உள் அறையில், பீரோவுக்குக் கீழே, பணியாரக்கல் மாதிரிக் குழி குழியாக இருந்த பிளாஸ்டிக் தட்டை வைத்தாய். ஒவ்வொரு குழிக்கும் ஒரு கண்ணாடி மூடி, மூடியின் அடியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. கதவைப் படாரென்று சாத்தாதே, மிக்ஸி போடாதே, காலைத் தட்டி நடக்காதே என்று சட்டம் போட்டாய். அந்தப் பொங்கலுக்கு இந்த வீட்டில் சட்னியே இல்லை. அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை போல உள்ளே வருவார். பாத்தி இன்னும் மழை ஈரம் காயாமல் கிடந்ததால் அவருக்கு அளத்தில் வேலை குறைவு. நாள் முழுதும் வீட்டில்தான் இருந்தார், நாள் முழுதும் உன்னைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நீயும் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்து, "துளி மேல ஏடு கட்டிக்கினு நிக்குதுப்பா" என்று கவலைப்பட்டாய்.

நீ கோட்டக்குப்பத்துத் தோழியைப் பார்க்கப் போன அன்றுதான் அது நடந்தது. அளத்தில் காலையில் முதல் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். பாத்தித் தண்ணீர் மேல் பால் ஏடு போல உப்பு படிந்திருக்கும். பலகையால் மெல்லத் தள்ளி அதைக் கலைத்துவிட்டால்தான் அது அடியில் இறங்கிக் கல் கல்லாகப் பருக்கும். விட்டுவிட்டால் மேலேயே மூடிக்கொண்டு, கீழே விளைச்சல் நின்றுபோகும். கல்யாணத்துக்கு முன்பிருந்து உன் அப்பா செய்கிற வேலை அது. நீ 'ஏடு' என்ற சொல்லைச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாய். அவர் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். துடைப்பத்திலிருந்து புது ஈர்க்குச்சி ஒன்றை உருவி வெந்நீரில் போட்டு எடுத்தார். "இந்தா, அந்த டார்ச்ச கொஞ்சம் புடி" என்றார். பிடித்தவள் நான்தான். இதைக் கடற்கரையில் உன்னிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஒவ்வொரு மூடியாக எடுத்து, துளியின் மேல் இருந்த ஏட்டைக் குச்சி நுனியால் தொட்டுக் கலைத்து, மறுபடியும் அதே இடத்தில் மூடினார். அத்தனை பதமாக அவர் எதையும் தொட்டு நான் பார்த்ததில்லை, உன்னைப் பெற்று அவர் கையில் கொடுத்த அன்றைத் தவிர.

சாயங்காலம் நீ வந்து தட்டை எடுத்துப் பார்த்தாய். அப்பா வாசற்படியில் நின்றுகொண்டு, "ஏடு கலைச்சி வுட்டுட்டேன் பாப்பா. இனிமே கீழ விளையும் பாரு" என்றார். நீ நிமிரவே இல்லை. தட்டை மூடிக்கொண்டே, "நல்லதுப்பா" என்றாய். இரண்டு நாள் கழித்து, "வந்திருக்குதா?" என்று கேட்டபோது, "வந்துடுச்சிப்பா, நல்லா வந்திருக்குது" என்று சிரித்தாய். அந்தத் துளிகளில் ஒன்றில், நீ தோழியைப் பார்க்கப் போன அன்று காலையில்தான் முதன்முதலாக ஒரு சின்னக் கல் பளபளத்தது, அதை நீ உன் மேடத்துக்குக்கூடச் சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தாய், குச்சி பட்டதும் அது தூள் தூளாகப் போய்விட்டது, மற்ற துளிகளெல்லாம் கலங்கி, காய்ந்து, தூசி விழுந்து வீணாயின என்பதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? உன் முகத்திலிருந்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பெற்றவளாகிய எனக்கே தெரியவில்லை என்றால் நீ எவ்வளவு கெட்டிக்காரி என்று பார்த்துக்கொள். அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடிக்கவில்லை.

நீ ஊருக்குத் திரும்பிய பிறகு இங்கே நடந்த கூத்தைக் கேள். அப்பா டீக்கடைக்குப் போனால் டீ ஆறிப்போகிற வரை இதே பேச்சு. "பாப்பா ஆராய்ச்சில எங்கையும் இருக்குது தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். ஈர்க்குச்சியை எப்படிப் பிடித்தேன் என்று காட்டுவார். அளத்தில் கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு 'விஞ்ஞானி' என்று பேரே வைத்துவிட்டார்கள். மே மாதம் நீ வந்து, "ஆராய்ச்சி முடிஞ்சிதுப்பா, காலேஜ்ல வேல கெடச்சிருக்குது" என்றதும், "பாப்பா டாக்டராயிட்டா" என்று தெரு முழுக்க லட்டு கொடுத்தார். எதிர்வீட்டுக்காரி காலில் ஆறாத புண்ணோடு வந்து, "டாக்டர் பாப்பா வந்தா ஒரு வாட்டி காட்டணும்" என்று உட்கார்ந்துகொண்டாள். அவளை அனுப்பி வைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. நீ வேலை பார்ப்பது பாண்டிச்சேரிப் பக்கம், பஸ் ஏறினால் வீடு. அப்படியும் மாதக்கணக்கில் வராமல் இருந்தாய். புது வேலை, லீவு கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம்தான் உன் மேடம் போன் செய்தார்கள். "எழில் எப்பம்மா திரும்பி வர்றா? அவ எடத்த இன்னும் யாருக்கும் குடுக்கல. இந்த வருஷக் கடைசிக்குள்ள வந்துட்டா முடிச்சிடலாம். அவ விட்டுட்டுப் போற ஆளே கெடையாது, எனக்கு ஒண்ணும் புரியல" என்றார்கள். "அவதான் முடிச்சிட்டாளேம்மா" என்றேன். "முடிக்கலீங்கம்மா" என்றார்கள். மறுநாள் நான் உன் ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றேன். கடற்கரையில் நீ எல்லாவற்றையும் கொட்டினாய். பொங்கலுக்குப் பிறகு இன்னும் சில தடவை முயன்றாய், விளையவில்லை. இன்னும் ஒரு வருஷம் உட்கார்ந்தால் வந்துவிடும் என்று உனக்கே தெரியும், அந்தத் தூளான கல்லைக் கண்ணால் பார்த்தவள் நீ. "திரும்பப் போனா அப்பா ஏன்னு கேப்பாரும்மா. விளைஞ்சிடுச்சின்னு சொன்னியே, இன்னும் இன்னா வேலன்னு கேப்பாரு. ஒங்கையாலதான் போச்சின்னு நான் எப்படிச் சொல்லுவேன்? ஊரு பூரா சொல்லி வச்சிருக்கறாரு. அதுக்கு நான் விட்டுட்டுப் போறதே மேல்" என்றாய்.

இப்போது என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். நீ அப்பாவைக் காப்பாற்றுவதாக நினைத்து உன் ஐந்து வருஷத்தைத் தூக்கிப் போடுகிறாய். அது பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் உன் படிப்பைத் தின்று வாழ வேண்டுமா? உண்மையைச் சொன்னால் தாங்க மாட்டார் என்று நீயாக முடிவு செய்துவிட்டாய். கடல் வீட்டு வாசல் வரை வந்து போனதைத் தாங்கியவர், ஒரு பருவம் முழுக்கக் கறுப்பு உப்பை வாரிக் கொட்டியதைத் தாங்கியவர், மகள் சொல்கிற ஒரு உண்மையைத் தாங்க மாட்டாரா? எங்களுக்கு வயதாக ஆக, பிள்ளைகள் நீங்கள் எங்களிடம் நல்ல சேதி மட்டும் சொல்லப் பழகிவிடுகிறீர்கள். சம்பளம் நிறைய, உடம்பு நன்றாக இருக்கிறது, ஒரு கவலையும் இல்லை. அப்படியே போனால் ஒரு நாள் உங்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விடும். எனக்கு அது வேண்டாம். கல்யாணம் எப்போது என்று உன் சித்தி வாரத்துக்கு ஒரு தடவை நச்சரிக்கிறாள். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அதை ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளாதே.

அதனால்தான் சொன்னேன். அளத்திலிருந்து வந்து, கால் கழுவி, சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னேன், சாப்பாட்டில் கை வைக்கும்போது சொல்லவில்லை. முழுதும் கேட்டார். "எல்லாத் துளியுமா?" என்றார். "எல்லாந்தான்" என்றேன். "அவ விட்டுட்டு வந்தது அதுக்கா?" என்றார். "ஆமா" என்றேன். சாப்பிட்ட தட்டை அவரே எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. நான் செய்தது தப்போ என்று எனக்குப் பயமாகிவிட்டது. மூன்றாம் நாள் டீக்கடைக்காரரின் மனைவி வந்து சொன்னாள். அப்பா அத்தனை பேர் எதிரிலும், "எம்பொண்ணு இன்னும் டாக்டர் ஆவலப்பா. விளைஞ்சிருந்தத நாந்தான் கெடுத்துட்டேன்" என்றாராம். "வுடு ஏகாம்பரம், தெரியாம செஞ்சதுதானே" என்று யாரோ சமாதானம் சொல்ல, "தெரியும்னு நெனச்சி செஞ்சதுப்பா, அதான் தப்பு" என்றாராம். யாரும் சிரிக்கவில்லையாம். தன் வாயால் கட்டிய கதையைத் தன் வாயாலேயே பிரித்துவிட்டு வந்திருக்கிறார். உன்னைத் தடுத்துக்கொண்டிருந்த ஊர்ப் பேச்சு அதோடு தீர்ந்துபோனது.

அன்று மதியம் என்னிடம் வந்து உட்கார்ந்தார். கெடுத்துவிட்டேனே என்று அழுவார், ஆறுதல் சொல்லலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவர் கேட்டது வேறு. "அவ ஏன் என்னத் திட்டல?" என்றார். அப்பா என்கிற மரியாதைதான் என்றேன். "மரியாதையா? அளத்துல ஒருத்தன் பாத்தியக் கெடுத்துட்டா கூட இருக்கறவன் வாயில வந்தபடி திட்டுவான். திட்டி முடிச்சதும், கெடுத்தவன் 'நாளைக்கு வரட்டுமா'ன்னு கேப்பான். திட்டனவன் 'வா'ன்னுடுவான். மறுநாள் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தண்ணி கட்டுவாங்க. ஒண்ணுமே சொல்லாம, சரி பரவால்லன்னு சிரிச்சான்னா, இனி அவன வேலைக்குக் கூப்புட மாட்டான்னு அர்த்தம். பாப்பா எங்கிட்ட சிரிச்சா" என்றார். எழில், உன் மேல் எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். நீ அவருக்கு இரங்கிச் செய்த காரியத்தை, தன்னைத் தள்ளி வைத்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். நீ சென்னையிலிருந்து போன் செய்து "சேறா ஆயிடுதுப்பா" என்று சொன்ன காலத்தில் அவர் உன்னோடு வேலை செய்துகொண்டிருந்தார். "நல்லா வந்திருக்குதுப்பா" என்ற நாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை. அது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

உன் மேடத்துக்குப் போன் செய்து, வருகிறாள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். காலேஜில் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. சென்னைக்கு இங்கிருந்து நானே பஸ் ஏற்றிவிடுகிறேன். ஆனால் பையை எடுப்பதற்கு முன் அவரைத் திட்டு. டார்ச் பிடித்ததற்கு என்னையும் சேர்த்துத் திட்டு. அப்பாவாயிற்றே என்று குரலைத் தாழ்த்தாதே. அந்தக் கல்லைப் பார்த்தபோது எப்படி இருந்தது, அது போனபோது எப்படி இருந்தது என்று, ஜனவரியில் முழுங்கியதையெல்லாம் சொல், அழுகை வந்தால் அழு. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார், எதிர்ப்பேச்சு பேச மாட்டார். நீ முடித்ததும் உன்னிடம் ஒன்று கேட்பார். நாலைந்து நாளாக அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், உதடு அசைகிறது, எனக்குத் தெரிகிறது.

'வா' என்று சொல்லிவிடு.

அம்மா